எந்த வருடத்தை விடுவது

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது:
உலகம் முழுவதும், நான்கே வருடங்களில்.
முதல் வருடம் சுமேரியக் களிமண்ணில் தொடங்கி
ரோம் சரிகிற நாளில் முடியும்.
இரண்டாவதில் மடங்கள், சிலுவைப் போர், கொள்ளைநோய்.
மூன்றாவதில் கப்பல்கள், அச்சு எந்திரம், தலைவெட்டும் எந்திரம்.
நான்காவதில் நாம்.

தோராவுக்குச் செப்டம்பரில் பத்தாம் வகுப்பு.
விரல்விட்டு எண்ணினேன்,
மறுபடி எண்ணினேன்.
மூன்றுதான் வருகிறது.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
சர்க்கரை ஆலையின் வாடை
ஜன்னல் இடுக்கில் நுழைந்து காப்பியில் உட்காருகிறது.
இரவு ஷிப்டு முடிந்து வந்த ராய்ஸ்
பூட்ஸோடு நின்று மேஜையைப் பார்க்கிறார்:
விலைப்பட்டியல்கள், மஞ்சள் நோட்டு,
கால்குலேட்டர், பாதி தேய்ந்த ரப்பர்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
"லத்தீன் சேர்த்தா?"
"சேர்க்காமல்."
பூட்ஸைக் கழற்றப் போய்விட்டார்.

ஒரு திட்டம் தாசில்தார் ஆபீஸ் மாதிரி பேசுகிறது.
திங்கள் முதல் வியாழன்வரை தினம் நாற்பது பக்கம்,
வெள்ளிக்கிழமை விவாதம்.
தாய் கேட்க வேண்டிய கேள்வி கறுப்பில்,
பிள்ளை சொல்ல வேண்டிய பதில் சிவப்பில்.
சிவப்பில் இல்லாததைப் பிள்ளை சொல்லிவிட்டால்
என்ன செய்வதென்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

இன்னொன்றில் எல்லாமே அழகு.
பளிங்குத் தூண்கள், பளிங்கு மூக்குகள்.
அடிமைகளைத் தேடினேன்.
நூற்றியெழுபதாம் பக்கத்தில், சின்னக் கட்டத்துக்குள்,
கூஜா ஏந்தி நிற்கிறார்கள்.

எனக்கு வரலாறு நடத்தியவர் ஹாக்கிப் பயிற்சியாளர்.
ஒவ்வொரு வருடமும் அதே கப்பலில் ஏறினோம்,
மே மாதம் வந்ததும்
நடுக்கடலில் இறக்கிவிட்டார்.
இதைச் சொன்னால் என் தங்கை சிரிப்பாள்:
நீந்தத் தெரியாதவள் நீச்சல் குளம் கட்டுகிறாய்.
கட்டுகிறேன்தான்.

மூன்றாவது, பழைய செட்.
போன ஏப்ரலில், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில்,
நாற்பது டாலருக்கு.
ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், அழித்துக்கொள்ளலாம் என்றாள்
விற்ற பெண், ஹவ்கன் என்று பெயர்.
அவள் மகன் கை.
ஐந்தாம் வாரத்தில்: இந்த ராஜா புளுகுகிறான்.
ஒன்பதாம் வாரத்தில்: அப்படியானால் தோற்றவர்கள்
எங்கே எழுதிவைத்தார்கள்?
பதினான்காம் வாரத்துக்குப் பிறகு
ஓரங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன.
கேட்க வாயெடுத்தேன். அவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பள்ளியில் சேர்த்திருக்கலாம்.
அவ்வளவேயாக இருக்கலாம்.

கிரேக்கத்தை விட்டால் மேலே கட்டியதெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.
இடைக்காலத்தை விட்டால் ஆயிரம் வருடத்தை
ஒரு சனிக்கிழமையில் தாண்டியாக வேண்டும்.
நான்காவதை விட்டால்
அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இந்தப் பீட்ரூட் வயலைக்
கொடுத்தவர் யார், அதற்கு முன் அது யாருடையது,
ஒன்றுமே தெரியாமல் ஓட்டுப் போடப் போவாள்.

தோரா நின்றபடியே சீரியல் தின்றுகொண்டு
என் நோட்டைத் தலைகீழாகப் படித்தாள்.
"நாலாவதை விடும்மா. அதுக்குள்ளதான் இருக்கப் போறேன்."
கிண்ணத்தைக் கழுவாமல் போனாள்.

அவள் போன பிறகுதான் பழைய செட்டைத் திறந்தேன்,
பென்சிலை அழிக்கலாமென்று, ரப்பரோடு.
ஒன்பதாம் வாரத்தில், பையனின் கேள்விக்குக் கீழே
பச்சை மை:
நானும் தேடிட்டேன். இங்கே இல்லை.
அப்புறம் பதினோராம் வாரத்தில் ஒரு சண்டை,
பதின்மூன்றில் வெறும் ஆச்சரியக்குறி,
பதினைந்தில், பென்சில் நின்றுபோன இடத்தில்,
எங்கே போனே?

எப்போது படித்தாள்?
நான் விலை கூட்டிக்கொண்டிருந்த இரவுகளிலா?

ரப்பரைக் கீழே வைத்தேன்.
எந்த வருடத்தை விடுவதென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.
மஞ்சள் நோட்டில் மூன்று தொகைகளையும் அடித்துவிட்டு
எழுதினேன்:
லத்தீன், ஒன்று, புதிது.
எபனுக்கு ஒரு பேனா.
பச்சை வேண்டாம்.